சிவந்த கோழியும் சிவக்காத கோழியும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்தவர்கள் உடையை மாற்றிக்கொள்கிறார்கள். பேச்சில் நான்கு புதுச் சொற்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாக்கு மட்டும் அவ்வளவு எளிதில் குடிபெயர்வதில்லை. பெங்களூரில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவரும், ஒரு தட்டுக் கோழி வறுவலை முன்னே வைத்தவுடன், "நம்மூர்ச் சுவை இதில் இல்லையே!" என்று தொடங்கிவிடுகிறார். அவருடைய பிள்ளையோ அதே தட்டைத் துடைத்துவிட்டு இன்னொன்று வேண்டும் என்கிறது. தந்தை அதற்குச் 'சிக்கன் 65' என்று பெயர் சொல்கிறார். பிள்ளை 'கபாப்' என்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் இல்லங்கள் பலவற்றில் நடக்கும் வழக்கு இது.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? காரசாரமாக வறுத்த கோழியை எதைக் கொண்டு அளப்பது? ஊர்ப்பெயரைக் கொண்டா, உண்மையான சுவையைக் கொண்டா? நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கூடி, இந்நகரிலேயே கிடைக்கும் ஐந்து வகை வறுவல்களை உண்டு ஒப்பிட்டோம். அதில் கண்டதை இங்கே எழுதுகிறோம். புலால் மறுத்த அன்பர்கள் பொறுத்தருள்க. நிறத்தைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் பின்னே சொல்லப்படுபவை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விரும்பி உண்ணும் காலிபிளவர் வறுவலுக்கும் பொருந்தும்.

அறுபத்தைந்தின் கதை

முதலில், பெயர் பெற்ற அந்த எண்ணைப் பார்ப்போம். சென்னை அண்ணாசாலையில், அக்காலத்து மவுண்ட் ரோட்டில், 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது புகாரி உணவு விடுதி. 1965இல் தாங்கள் அறிமுகம் செய்த பண்டமாதலால் அதற்கு அந்த ஆண்டின் பெயர் வந்தது என்பது அவ்விடுதியார் கூற்று. 1978, 1982, 1990 ஆகிய ஆண்டுகளின் பெயரால் சிக்கன் 78, 82, 90 என்பவற்றையும் அவர்கள் பின்னர்க் கொணர்ந்தனர். ஆண்டைப் பெயராக்கும் வழக்கம் அங்கே தொடர்ந்து வந்திருப்பதால், இக்கூற்றுக்கு வலிமை உண்டு.

மற்றக் கதைகளும் உலவுகின்றன. அறுபத்தைந்து நாள் வளர்ந்த கோழி என்பார் ஒருவர். அறுபத்தைந்து மிளகாய் சேர்ந்தது என்பார் மற்றொருவர். படைவீரர் உணவகத்துப் பட்டியலில் அது அறுபத்தைந்தாம் எண் என்பார் வேறொருவர். கேட்பதற்கு இன்பமாக இருப்பினும், இவற்றுக்குச் சான்று காட்டுவார் எவரும் இலர்.

பெயர் எவ்வாறாயினும், இப்பண்டம் தெருவுக்குத் தெரு பரவியதற்கு உண்மைக் காரணம் கோழியே ஆகும். நம் பாட்டிமார் சமைத்தது நாட்டுக்கோழி. அதன் தசை இறுகியது. குழம்பில் நெடுநேரம் கொதித்தால்தான் பதப்படும். எண்ணெயில் பத்து நிமிடத்தில் வறுத்தெடுத்தால் பல்லுக்குத் தண்டனையாகிவிடும். 1970களுக்குப் பின் கறிக்கோழி வளர்ப்பு பெருகிற்று. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் கொடுத்து உழவர்களைக் கொண்டு கோழி வளர்க்கும் முறை 1990களில் வேரூன்றிற்று. ஏறத்தாழ ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வளரும் இக்கோழியின் தசை மென்மையானது. ஆனால் தனக்கென்று சுவை குறைந்தது. விரைவில் வேகும், மசாலாவை அப்படியே ஏற்றுக்கொள்ளும். தள்ளுவண்டிக்காரருக்கும் இது எட்டும் விலையில் கிடைத்தது. சுவையை வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்னும் நிலை வந்தபோது, மிளகாய் அரசனாயிற்று.

சுவைத்த முறை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு மேல் சென்றோம். நாங்கள் நால்வர்: திருநெல்வேலியில் பிறந்த ஒரு பாட்டியார், இந்நகரிலேயே பிறந்த அவருடைய பத்து வயதுப் பேத்தி, வேலூர்க்காரராகிய ஒரு நண்பர், இதை எழுதுபவர். கடைகளின் பெயரை இங்கே குறிக்கவில்லை. சமையற்காரர் மாறினால் சுவை மாறும். இன்று புகழ்ந்த கடையை நாளை நம்பிச் செல்பவர் ஏமாறலாம். அளவுகோலைக் கொடுத்துவிட்டால், அவரவர் தெருக் கடையை அவரவரே அளந்துகொள்ளலாம் அன்றோ?

அளவுகோல்கள் ஐந்து. கடித்தால் மேல்தோல் ஒலிக்கிறதா? உள்ளே தசை ஈரமாக இருக்கிறதா? காரம் சுவையோடு வருகிறதா, வெறும் எரிச்சலாக வருகிறதா? எண்ணெய் புதியதா? சிவப்பு எங்கிருந்து வந்தது? ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையே ஒரு வாய் மோர் குடித்தோம். மிளகாயின் எரிப்புச் சத்து நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலுள்ள புரதமும் அதைப் பற்றி இழுத்துச் செல்லும். ஆதலால் காரத்துக்குத் தண்ணீர் குடிப்பது வீண். நம் முன்னோர் மோரை நாடியது சரியே.

ஐந்து தட்டுகள்

முதல் தட்டு, சென்னை முறைச் சிக்கன் 65. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் கிடைத்தது. எலும்பு நீக்கிய சிறு துண்டுகள். இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், சிறிது தயிர், மாவு ஆகியவற்றில் ஊறவைத்து வறுத்தது. மேலே பொரித்த கறிவேப்பிலை. மேல்தோல் நன்கு ஒலித்தது. தசையும் நன்றே. ஆனால் நிறம் குங்குமத்தைப் போலிருந்தது. காரமோ அந்தச் சிவப்புக்கு ஏற்றபடி இல்லை. இவ்வளவு சிவந்த மிளகாய் இவ்வளவு சாதுவாக இருக்குமா என்று வேலூர் நண்பர் ஐயுற்றார். அவர் ஐயத்துக்குப் பின்னர் வருவோம்.

இரண்டாம் தட்டு, பெங்களூர்க் கபாப். கபாப் என்னும் சொல்லுக்கு வடநாட்டில் கனலில் சுட்ட இறைச்சி என்று பொருள். இங்கே அது எண்ணெயில் பொரித்த கோழி. மிலிட்டரி ஓட்டல் என்று இவ்வூரார் அழைக்கும் பழைய இறைச்சி உணவகங்களில் கேழ்வரகுக் களிக்குத் துணையாகவும், மாலை வேளைகளில் தள்ளுவண்டிகளிலும் இது கிடைக்கிறது. பெரும்பாலும் எலும்போடு கூடிய துண்டு; முட்டை சேர்ந்த மாவு; எலுமிச்சைச் சாறு; பக்கத்தில் வெங்காய வளையம். அலசூரில் நாங்கள் உண்ட கபாப்பின் மேல்தோல் 65ஐ விடத் தடித்தது, உள்ளே எலும்பை ஒட்டிய தசை சாறு நிறைந்திருந்தது. எலும்போடு வறுத்தால் தசை எளிதில் உலர்ந்துபோவதில்லை. இதன் சிறப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் தட்டு, ஐதராபாத் முறை 65. பெயர் ஒன்று, பண்டம் வேறு. கோழியை வறுத்தெடுத்த பின், கடைந்த தயிர், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகாய் விழுது ஆகியவற்றில் மீண்டும் புரட்டுகிறார்கள். ஆகவே மொறுமொறுப்பை இதில் தேடுவது தவறு. தயிரின் புளிப்பு முதலில் வரும். காரம் இரண்டு நொடி தாழ்ந்து வரும். பாட்டியார், "இது வறுவலா, கூட்டா?" என்று கேட்டார். ஆயினும் தட்டின் அடியிலிருந்த மசாலாவைச் சோற்றில் பிசைந்து உண்டவரும் அவரே.

நான்காம் தட்டு, ஆந்திர உணவகங்களில் கிடைக்கும் பச்சை மிளகாய்க் கோழி. மாரத்தஹள்ளியில் ஆந்திரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வாழையிலையில் பரிமாறினார்கள். இதில் சிவப்பே இல்லை. அரைத்த பச்சை மிளகாயும் கொத்துமல்லித் தழையும் சேர்ந்து இளம்பச்சை நிறம் கொடுக்கின்றன. ஐந்திலும் இதுவே கடுங்காரம். பேத்தி ஒரு துண்டோடு மோரைத் தேடினாள். ஆனால் அந்தக் காரம் நாக்கின் நுனியில் நின்று எரியாமல், மணத்தோடு தொண்டை வரை சென்றது. சிவக்காத கோழியும் காரத்தில் முதலிடம் பெறலாம் என்பதை இத்தட்டு காட்டிற்று.

ஐந்தாம் தட்டு, கேரள முறைப் பொரித்த கோழி. மடிவாளாவில் மலையாளிகள் நடத்தும் ஒரு சிறு கடை. இடித்த வற்றல் மிளகாய், பூண்டு, பெருஞ்சீரகம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றைப் பூசித் தேங்காய் எண்ணெயில் பொரித்திருந்தார்கள். மாவு கொஞ்சமும் இல்லை. நிறம் கரும்பழுப்பு. வாணலியின் அடியில் தங்கிய மசாலாத் தூளை அள்ளி மேலே தூவினார்கள். அந்தத் தூளுக்கே தனிச் சுவை. குமரி மாவட்டத்தாரும் திருநெல்வேலியாரும் இதை உண்டால் அயலூர்ப் பண்டம் என்று எண்ண மாட்டார்கள். பாட்டியார், "இதுதானடி எங்க ஊர்க் கோழி" என்று பேத்தியிடம் கூறினார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, தம் ஊர் பாலக்காடு என்றார்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

நிற்க. வேலூர் நண்பரின் ஐயத்துக்கு வருவோம். மிளகாயில் சிவப்பும் காரமும் இருவேறு பொருள்களால் உண்டாவன. ஒன்று மிகுந்தால் மற்றொன்றும் மிகும் என்னும் விதி இல்லை. கருநாடகத்தில் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மிளகாய் சுருங்கிய தோலுடையது, ஆழ்ந்த சிவப்பைத் தரும், காரம் குறைவு. 2011இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டூர் மிளகாயோ காரத்துக்குப் பெயர் பெற்றது. நம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தேர்ந்த சமையற்காரர் நிறத்துக்கு ஒன்றையும் காரத்துக்கு மற்றொன்றையும் கலப்பார். ஆகவே சாதுவான சிவப்பு என்பது இயலாதது அன்று.

ஆனால் பியாடகி மிளகாய்க்கு விலை உண்டு. செயற்கை நிறமியோ ஒரு சிட்டிகையில் ஒரு சட்டிக் கோழியைச் சிவக்க வைக்கும். இதனால் வந்த தீங்கை அரசும் கண்டது. 2024 மார்ச்சில் கருநாடக அரசு, காலிபிளவர் மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் செயற்கை நிறமி சேர்ப்பதைத் தடுத்தது. துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி உள்ளிட்ட தீங்கான நிறமிகள் ஆய்வு மாதிரிகளில் காணப்பட்டமையே காரணம். அவ்வாண்டு ஜூனில் கபாப்பின் முறை வந்தது. ஆய்வுக்கு எடுத்த 39 மாதிரிகளில் 8 பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது; சன்செட் யெல்லோ, கார்மோசின் என்னும் நிறமிகள் அவற்றில் இருந்தன. கோழி, மீன், காய்கறி என எவ்வகைக் கபாப்பிலும் செயற்கை நிறமி சேர்க்கலாகாது என்று மாநிலம் முழுதுக்கும் ஆணை பிறந்தது.

பெற்றோர் இதைச் சிறு செய்தியாகக் கருதலாகாது. இப்பண்டத்தை மிகுதியாக உண்பவர்கள் நம் பிள்ளைகளே. அவர்கள் கண்ணால்தான் முதலில் உண்கிறார்கள். சிவப்பு மிகுந்த தட்டையே சுட்டுகிறார்கள். விற்பவரும் அதை அறிவார்.

வீட்டில் செய்து பார்க்கத்தக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, வறுவலில் ஒரு துண்டை இட்டுச் சில நிமிடம் விடுங்கள். மிளகாயின் இயற்கைச் சிவப்பு எண்ணெயில் கரைவது. அது நீரில் கரையாமல், செவ்வெண்ணெயாக மேலே மிதக்கும். செயற்கை நிறமிகள் பெரும்பாலும் நீரில் கரைபவை. அவை தண்ணீரையே சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ ஆக்கிவிடும். இது ஆய்வுக்கூடத்துத் தீர்ப்புக்கு ஈடாகாது. எனினும், ஐயம் கொள்ளப் போதிய சான்று. முதல் தட்டின் துண்டு ஒன்றைப் பொட்டலமாகக் கொண்டுவந்து இவ்வாறு இட்டோம். தண்ணீர் ரோசாப்பூ நிறம் கொண்டது. இரண்டாம் தட்டுக் கபாப்பில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மேலே எண்ணெய்த் துளிகள் மட்டும் சிவந்து மிதந்தன. பேத்தி கைதட்டினாள்.

எண்ணெயின் நிலை

வறுவலின் மற்றொரு பாதி எண்ணெய். ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியசு வரை காய்ந்த எண்ணெயில் துண்டை இட்டவுடன், அதன் ஈரம் ஆவியாகி வெளியே பாய்கிறது. பாயும் ஆவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. மேல்தோல் இறுகிப் பொன்னிறம் கொள்கிறது. எண்ணெய் போதிய சூடு இல்லையேல், துண்டு அதைக் குடித்துவிடும். தட்டில் எண்ணெய் தேங்கியிருந்தால், சமையற்காரர் அவசரப்பட்டார் என்று அறிக.

ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது கெடுகிறது. மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று அறிஞர் கூறும் கெட்ட பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடப்பிலுள்ள விதி. கருவி இல்லாத நமக்குக் கண்ணும் மூக்கும் உண்டு. சட்டியிலுள்ள எண்ணெய் கறுத்துக் கெட்டியாக இருக்கிறதா? மேலே நுரை அடங்காமல் நிற்கிறதா? சூடேறுமுன்பே புகைகிறதா? இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கடைக்கு நடப்பது நலம். கூட்டம் நிறைந்த கடையில் எண்ணெய் புதிதாக இருக்கும் என்று எண்ண வேண்டா. அங்கேதான் எண்ணெய்க்கு ஓய்வே இல்லை.

தீர்ப்பு

நால்வரும் தனித்தனியே எழுதிப் பின் ஒப்பிட்டோம். பாட்டியார் கேரளப் பொரியலுக்கு முதலிடம் தந்தார். வேலூர் நண்பர் ஆந்திரப் பச்சை மிளகாய்க் கோழியைச் சொன்னார். பேத்தி, சிறிதும் தயங்காமல் கபாப் என்று எழுதினாள். இதை எழுதுபவரின் வாக்கும் கபாப்புக்கே சென்றது. சென்னைப் பெயர் தாங்கிய தட்டு, நம்மூரது என்னும் சலுகை இருந்தும், கடைசியில் நின்றது. அந்தப் பண்டத்தின் மேல் குறையில்லை. அந்தச் சிவப்பின் மேல்தான் குறை. நேர்மையான மிளகாயில் செய்த 65 வேறொரு கடையில் முதலிடம் பெறக்கூடும்.

நாம் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நம் நால்வரில் எவரும் தம் ஊர்ப்பெயர் கொண்ட தட்டை முதலில் வைக்கவில்லை. பேத்தி ஒருத்தியே வைத்தாள். அவள் ஊர் பெங்களூர். கபாப் அவளுக்கு அயலுணவு அன்று; பிறந்த மண்ணின் உணவு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் கற்று, மாலையில் கபாப் கேட்கும் பிள்ளையிடம், "இது நம்முடையது அன்று" என்று கூறுவதில் பொருளில்லை. அவளுக்கு நாம் கொடுக்க வேண்டியது ஊர்ப்பற்றினும் மேலான ஒன்று; நல்லதையும் போலியையும் பிரித்தறியும் நாக்கு. அது இருந்தால், எந்த ஊர்த் தட்டும் அவளை ஏமாற்றாது.

வீட்டில் செய்ய

பிள்ளைகளின் சிவப்பு ஆசையைத் தீங்கின்றி நிறைவேற்ற ஒரு முறை. எலும்போடு கூடிய கோழி அரைக் கிலோ. பியாடகி மிளகாய் எட்டு, குண்டூர் மிளகாய் மூன்று. இவற்றை விதை நீக்கி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டும் ஒரு விரல் இஞ்சியும் உப்பும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்துக்கொள்க. இரண்டு கரண்டி கெட்டித் தயிரும் அரை எலுமிச்சையின் சாறும் கலந்து, கோழியில் பூசிக் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கவும். வறுக்குமுன் ஒரு முட்டையின் வெண்கரு, இரண்டு கரண்டி மக்காச்சோள மாவு, ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பிசைக. சிறிது சிறிதாக மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வறுத்து, எலும்போரம் வெந்ததா என்று ஒரு துண்டைப் பிளந்து பார்க்கவும். கடைசி ஒரு நிமிடம் தீயைக் கூட்டி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் இட்டு எடுக்கவும். கடையில் விற்கும் கபாப் பொடியை வாங்குவோர், பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து, நிறமி இல்லாததைத் தேர்க.

கடைச் சிவப்பு இதில் வராது. செங்கல் நிறமே வரும். பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிக்கலாம். கண்ணாடிக் குவளைச் சோதனையை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். பிறகு தட்டு காலியாகும்.

இந்தூரிலோ, கல்கத்தாவிலோ, பம்பாயிலோ, எவ்வூரில் இருப்பினும் அன்பர்கள் தத்தம் தெருவின் வறுவலை இவ்வைந்து அளவுகோலால் அளந்து எழுதியனுப்பினால், சுவையானவற்றை இவ்விதழில் மகிழ்வுடன் வெளியிடுவோம். குவளைத் தண்ணீரின் நிறத்தையும் மறவாமல் குறிப்பிடுக.